பழைய பெட்ரோல் கார்ல மிஸ்ஸிங்கும் லீன் கோடும் சேர்ந்து வந்தா எந்த வரிசையில பாக்கணும்: முழு வழிகாட்டி

செங்கோட்டை புளியரை பக்கம் வொர்க்‌ஷாப் வச்சிருக்கவங்களுக்கு இந்த கேஸ் நல்லா தெரியும். கொல்லம் ரோட்டுல எஸ் வளைவு ஏறும்போது வண்டி குலுங்குது, செக் லைட் எரியுது, ஆரியங்காவுல இருந்து வர்றவர் "வலிவு இல்லா அண்ணே"ம்பாரு. ஸ்கேனர் போட்டா பி0171 (லீன், அதாவது காத்து கூட, பெட்ரோல் கம்மிங்கற கோடு) ஒண்ணு, கூடவே பி0300 இல்லன்னா பி0302 மாதிரி (மிஸ்ஸிங், அதாவது சிலிண்டர் சரியா எரியலங்கற கோடு) ஒண்ணு. அதுக்குள்ள வேற எடத்துல ஆக்ஸிஜன் சென்சார் மாத்தி, ப்ளக் மாத்தி, பம்ப்பும் மாத்தி முடிச்சிருப்பாங்க, கோளாறு மட்டும் அப்படியே கெடக்கும். மாத்தின சாமான்ல தப்பு இல்ல, பாத்த வரிசைல தான் தப்பு. புதுசா வேலைக்கு வர்ற பசங்க, சொந்த வண்டியை தானே பாக்க நெனைக்கறவங்க ரெண்டு பேருக்கும் அந்த வரிசையை எழுதுறேன்.

ஒண்ணு மட்டும் முதல்லயே. செக் லைட் நின்னு எரியாம மினுக்கி மினுக்கி எரிஞ்சா எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போயிட்டு இருக்குன்னு அர்த்தம், புகையை சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சூடேறி உருகிடும். அந்த நெலமையில மலை ஏறாதீங்க, ஓரங்கட்டிடுங்க.

1. கோடை அழிக்கறதுக்கு முன்னாடி எழுதி வைங்க

எல்லாரும் முதல்ல பண்றது "அழிச்சுப் பாப்போம், திரும்ப வருதான்னு". அழிச்சா கோடோட சேர்த்து ஃப்ரீஸ் ஃப்ரேமும் போயிடும். கோடு விழுந்த நேரத்துல ஆர்பிஎம் என்ன, வண்டி என்ன ஸ்பீடு, இன்ஜின் சூடு எவ்வளவு, லோடு எவ்வளவு, ட்ரிம் (கொடுக்கற பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுது, குறைக்குதுங்கறது) எவ்வளவுன்னு ஈசியூ (இன்ஜினோட கம்ப்யூட்டர்) ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வச்சிருக்கும். அது ஐடிலிங்ல விழுந்த கோடா, மூணாவது கியர்ல மலை ஏறும்போது விழுந்ததாங்கறது பாதி வேலையை முடிச்சிடும். அதை அழிச்சுட்டு அப்புறம் மணிக்கணக்கா தேடறதுல என்ன லாபம். போன்ல ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கோங்க, பெண்டிங் கோடும் (விழுந்தும் இன்னும் லைட்டை எரிய வைக்காத கோடு) சேர்த்து.

இந்தியால ஓபிடி (வண்டியே தன் கோளாறைக் கண்டுபிடிச்சு கோடா வைக்கற அமைப்பு) பிஎஸ்4 புகை விதியோட சேர்ந்து 2010ல வந்துச்சு, ஓபிடி 2 கட்டாயம் ஆனது 2013 ஏப்ரல்ல. அதுக்கு முந்தின வண்டிங்க சிலதுல போர்ட் இருக்கும், ஆனா சின்ன ப்ளூடூத் அடாப்டர் குத்தினா பேசாது. அதுக்கு அந்த கம்பெனி சாஃப்ட்வேர் இருக்கற ஸ்கேனர் தான் வேணும், ஒரு தடவை வாடகைக்கு ஸ்கேன் பண்ணி லைவ் டேட்டா வரைக்கும் பாத்துட்டு வந்துடுங்க, வெறும் கோடு நம்பரை மட்டும் துண்டுச்சீட்டுல எழுதி வாங்கிட்டு வந்தா பத்தாது.

2. கைல இருக்க வேண்டிய சாமான்

லைவ் டேட்டா காட்டற ஸ்கேனர் இல்லன்னா அடாப்டரும் போன் ஆப்பும், மல்டிமீட்டர், ப்ளக் ஸ்பேனர், ஃபில்லர் கேஜ், பெட்ரோல் பிரஷர் கேஜ், கம்ப்ரஷன் கேஜ், செடிக்கு தண்ணி அடிக்கற சின்ன ஸ்ப்ரேயர், நல்ல டார்ச். கேஜ் ரெண்டும் சொந்தமா வாங்க வேண்டாம், பக்கத்து ஷாப்ல கேட்டா கெடைக்கும். ஆனா லைவ் டேட்டா இல்லாம இந்த வேலையை ஆரம்பிக்கவே செய்யாதீங்க, அது இல்லாம பண்றது எல்லாம் யூகம் தான்.

3. பத்து நிமிஷத்துல முடியற அடிப்படை

பேட்டரி இன்ஜின் ஆஃப்ல 12.6 வோல்ட் கிட்ட, ஓடும்போது 13.5ல இருந்து 14.5 வரை இருக்கணும். வோல்ட் கம்மின்னா காயிலும் பம்பும் இன்ஜெக்டரும் எல்லாமே சோம்பேறியா வேலை செய்யும், நீங்க பாட்டுக்கு ஒவ்வொண்ணா கழட்டிட்டு இருப்பீங்க. ஏர் ஃபில்டர் திறந்து பாருங்க, கூடவே ஃபில்டர் பாக்ஸ் க்ளிப் எல்லாம் சரியா மாட்டிருக்கான்னும். இன்ஜின்ல இருந்து பேட்டரி, பாடிக்கு போற எர்த் ஒயர் பச்சை பூத்து கெடக்கான்னு பாருங்க. கடைசியா எங்க, எப்போ பெட்ரோல் போட்டாங்கன்னு கேளுங்க, சாரல் சீசன் முழுக்க ஓட்டாம நிறுத்தி வச்சிருந்த வண்டின்னா டேங்க்ல தண்ணி இறங்கிருக்க வாய்ப்பு இருக்கு.

4. ரெண்டு கோடுல எது முதல்ல வந்ததுன்னு முடிவு பண்ணுங்க

இது தான் முக்கியமான எடம், புதுசா வர்றவங்க எல்லாரும் வழுக்கறதும் இங்க தான். லீன்னா காத்து கூட, பெட்ரோல் கம்மின்னு ஈசியூ நெனைக்குது. ஆனா ஈசியூ பெட்ரோலை அளந்து சொல்லல, சைலன்சர் பக்கம் இருக்கற ஆக்ஸிஜன் சென்சார் சொல்றதை வச்சு சொல்லுது. அந்த சென்சாருக்கு பெட்ரோல் தெரியாது, ஆக்ஸிஜன் மட்டும் தான் தெரியும்.

இப்போ ஒரு சிலிண்டர்ல ப்ளக் அடிக்கலன்னு வைங்க. உள்ள போன காத்தும் பெட்ரோலும் எரியாம அப்படியே வெளிய வரும், எரியாத காத்துல ஆக்ஸிஜன் முழுசா இருக்கும். சென்சார் அதைப் பாத்து லீன்னு சொல்லும், ஈசியூ எல்லா சிலிண்டருக்கும் பெட்ரோலை ஏத்தும், கொஞ்ச நாள்ல பி0171 விழும். அப்போ லீன் கோடு பொய், மிஸ்ஸிங் தான் மூலம். இதையே தலைகீழாவும் யோசிங்க: நெஜமாவே காத்து கூடிப் போனா கலவை எரியற அளவுக்கு இல்லாம சிலிண்டர் மிஸ் அடிக்கும், அங்க லீன் தான் மூலம்.

பிரிச்சுப் பாக்கறது எப்படின்னா, மிஸ்ஸிங் கோடு ஒரே சிலிண்டர் நம்பர்ல நின்னா, உதாரணமா பி0303 மட்டும் திரும்பத் திரும்ப வந்தா, முதல்ல அந்த சிலிண்டரை பாருங்க, கீழ எட்டாம் பகுதிக்கு போங்க. பி0300ன்னு எல்லா சிலிண்டர்லயும் மாறி மாறி அடிச்சு கூடவே பி0171 இருந்தா, எல்லாருக்கும் பொதுவான ஏதோ ஒண்ணு கெட்டிருக்கு, அஞ்சாம் பகுதிக்கு போங்க.

இடைல ஒரு விதிவிலக்கு உண்டு. மேனிபோல்ட் (காத்தை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரிச்சு விடற குழாய்) கேஸ்கட் ஒரு சிலிண்டர் வாய் கிட்ட மட்டும் விட்டிருந்தாலோ, ஒரு இன்ஜெக்டர் ஓரிங் மட்டும் காத்து இழுத்தாலோ, லீனும் நெஜம், மிஸ்ஸிங்கும் ஒரே சிலிண்டர்ல நிக்கும். ப்ளக்கும் காயிலும் நல்லா இருந்தும் அந்த நம்பர் போகலன்னா இதை ஞாபகம் வைங்க.

5. ட்ரிம்மை மூணு எடத்துல படிங்க

ஷார்ட் டெர்ம் ட்ரிம், லாங் டெர்ம் ட்ரிம்னு ரெண்டு இருக்கும். ரெண்டையும் கூட்டிப் பாக்கணும், ஒண்ணை மட்டும் பாத்துட்டு நல்லா இருக்குன்னு விட்டா ஏமாந்துடுவீங்க. கூட்டினது ப்ளஸ்ல போனா ஈசியூ பெட்ரோல் சேக்குது, மைனஸ்னா குறைக்குது. ப்ளஸ் மைனஸ் பத்து சதவீதத்துக்குள்ள இருந்தா கவலை இல்ல. இருபது, இருபத்தஞ்சு கிட்ட போய் நின்னா தான் பி0171 விழும்.

இப்போ பங்க்ல வர்ற இ20 பெட்ரோலையும் கணக்குல எடுத்துக்கோங்க. சுத்தமான பெட்ரோலுக்கு ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காத்து வேணும், இருபது சதவீதம் எத்தனால் கலந்தா அது சுமார் 13.5 ஆயிடும், அதாவது அதே காத்துக்கு பெட்ரோல் கூடுதலா ஊத்தணும். பழைய வண்டியோட கணக்குல அது இல்ல, அதனால ட்ரிம் சும்மாவே ப்ளஸ் அஞ்சு, எட்டுன்னு நிக்கும். அதுக்காக எதையும் கழட்டாதீங்க. ஆனா ஏற்கனவே ஓரத்துல ஓடிட்டு இருந்த வண்டியை அந்த கொஞ்சம் கோட்டைத் தாண்ட வச்சிடும், "பெட்ரோல் போட்டதுல இருந்து தான் லைட் எரியுது"ன்னு சொல்றவங்க பொய் சொல்லல.

இன்ஜின் நல்லா சூடாகி, ஏசி ஆஃப் பண்ணிட்டு மூணு எடத்துல எழுதுங்க: ஐடிலிங், நிறுத்தி வச்சே 2500 ஆர்பிஎம், அப்புறம் லோடுல. லோடுக்கு நம்மளுக்கு புளியரை ஏத்தம் பக்கத்துலயே இருக்கு, மூணாவது கியர்ல ஆக்சிலேட்டரை நல்லா அழுத்தி ஏறும்போது பக்கத்துல ஒருத்தர் போனைப் பாக்கட்டும், ஓட்டறவர் பாக்கக் கூடாது.

ஐடிலிங்ல ப்ளஸ் இருபது, 2500ல ஆறு ஏழுக்கு இறங்கினா ஏர் லீக். ஓட்டை எப்பவும் ஒரே அளவு, ஐடிலிங்ல இன்ஜின் இழுக்கற காத்து கம்மிங்கறதால அந்த ஓட்டைக் காத்து பெரிய பங்கா தெரியும், ஆர்பிஎம் ஏறினா அது ஒண்ணுமில்லாம போயிடும்.

ஐடிலிங்ல நல்லா இருந்து லோடு ஏற ஏற ட்ரிம்மும் ஏறினா பெட்ரோல் பத்தல: பம்ப், ஃபில்டர், இல்ல மாஃப் சென்சார் (உள்ள போற காத்தை அளக்கறது) அழுக்கு.

எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி கூடுதலா இருந்தா பிரஷர், இன்ஜெக்டர் அடைப்பு, இல்ல ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னாடி சைலன்சர் லீக்.

இங்க யாரும் சொல்லித் தராத ஒரு விஷயம். மேல சொன்ன ஏர் லீக் கணக்கு மாஃப் சென்சார் இருக்கற வண்டிக்குத் தான் சுத்தமா பொருந்தும். பழைய மாருதி, ஹோண்டா நெறைய வண்டிகள்ல மாஃப் கிடையாது, மேனிபோல்ட் பிரஷரை அளக்கற மேப் சென்சார் தான். அதுல லீக் வழியா காத்து வந்தாலும் பிரஷர் ஏறும், ஈசியூ அதைப் பாத்து பெட்ரோலும் சேர்த்துக் கொடுத்துடும். அதனால லீன் கோடை விட ஐடிலிங் தூக்கி நிக்கறது தான் முதல்ல தெரியும். மேப் வண்டில பி0171 வந்தா ஏர் லீக்கை ஒரு ரவுண்டு பாத்துட்டு சீக்கிரமே பெட்ரோல் பிரஷருக்கும் சைலன்சர் லீக்குக்கும் போயிடுங்க.

6. ஏர் லீக் தேடறது

மேல இருந்து டார்ச் அடிச்சு பாத்துட்டு "ஹோஸ் எல்லாம் நல்லாருக்கு"ன்னு சொல்லிடறாங்க. ஹோஸ் மேல வெடிக்காது, கீழ வெடிக்கும். பிசிவி ஹோஸ் (இன்ஜினுக்குள்ள கெளம்பற ஆவியை மேனிபோல்ட்டுக்கு விடறது) வால்வ் கவர்ல இருந்து மேனிபோல்ட்டுக்கு வளைஞ்சு போற எடத்துல அடிப்பக்கம் ஆயில்ல ஊறி மெத்துன்னு ஆயிருக்கும், விரல்ல அமுக்கினா பழுத்த பழம் மாதிரி உள்ள போகும், கையில கருப்பா மை ஒட்டும். வண்டி ஆஃப்ல இருக்கும்போது வாய் திறந்திருக்காது, ஓடும்போது வேக்குவம் இழுத்தா தான் திறக்கும். அதனால கண்ணால பாக்காதீங்க, ஒவ்வொரு ஹோஸையும் விரலால சுத்தி வந்து அமுக்கிப் பாருங்க, சந்தேகம்னா கழட்டி வளைச்சுப் பாருங்க.

அடுத்து பிரேக் பூஸ்டருக்கு போற ஹோஸ். ஐடிலிங்ல பிரேக்கை அழுத்திப் பிடிச்சா உஸ்ஸுன்னு சத்தம் நிக்காம வந்து ஐடிலிங் ஆடினா பூஸ்டர் டயாஃப்ரம் போயிருக்கு.

பர்ஜ் வால்வ் பலர் மறக்கறது. டேங்க் ஆவியை மேனிபோல்ட்டுக்கு விடற வால்வ் இது, திறந்தே மாட்டிக்கிட்டா எப்பவும் காத்து போயிட்டே இருக்கும். மேனிபோல்ட் பக்கம் அந்த ஹோஸைக் கழட்டி வாயை அடைச்சுப் பாருங்க, ட்ரிம் சடார்னு இறங்கினா கோளாறு அங்க தான்.

மேனிபோல்ட் கேஸ்கட், இன்ஜெக்டர் ஓரிங் இதுக்கு ஸ்ப்ரேயர்ல வெறும் தண்ணி. ஐடிலிங்ல ஓட விட்டு ஜாயின்ட் ஜாயின்ட்டா பைய அடிங்க, போன்ல ஷார்ட் டெர்ம் ட்ரிம்மைப் பாத்துட்டே இருங்க. லீக் மேல தண்ணி பட்ட நொடில ட்ரிம் அசையும், சில சமயம் இன்ஜின் சத்தமே மாறும். கார்ப் கிளீனர் அடிச்சு தேடற பழக்கம் நம்ம பக்கம் நெறைய இருக்கு, சூடான சைலன்சர் மேனிபோல்ட் மேல பட்டு தீப்பிடிச்சா வண்டியே போயிடும், வேண்டாம். தண்ணியும் காயில், கனெக்டர் மேல படாம பாத்துக்கோங்க. இதுலயும் மாட்டலன்னா தென்காசி மாதிரி டவுன்ல ஸ்மோக் மெஷின் வச்சிருக்கறவங்க கிட்ட போங்க, புகை விட்டா மறைஞ்ச லீக்கும் காட்டிக் கொடுத்துடும்.

சைலன்சர் மேனிபோல்ட்டும் பாருங்க. வெடிப்பு இருந்தா காலைல குளிர் ஸ்டார்ட்ல டிக் டிக்குன்னு அடிச்சு சூடானதும் நின்னுடும். அந்த வெடிப்பு வழியா வெளிக்காத்து உள்ள இழுத்து சென்சாருக்கு ஆக்ஸிஜனைக் காட்டும், லீன் கோடு விழும், பெட்ரோல்ல எந்தக் கோளாறும் இருக்காது.

7. பெட்ரோல் பிரஷர்

பம்ப் சத்தம் வருதுன்னு பம்பை பாஸ் பண்ணாதீங்க. சத்தம் போட்டுக்கிட்டே பாதி பிரஷர் தர்ற பம்ப் நெறைய உண்டு. லைனைக் கழட்டறதுக்கு முன்னாடி பம்ப் ஃப்யூஸை எடுத்துட்டு இன்ஜின் தானா ஆஃப் ஆகற வரை ஓட விடுங்க, அப்போ தான் பெட்ரோல் முகத்துல பீச்சாது.

சாதாரண எம்பிஎஃப்ஐ வண்டிக்கு (ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு இன்ஜெக்டர் இருக்கறது) பெரும்பாலும் 3 பார் சுத்தி இருக்கும், உங்க வண்டிக்கு எவ்வளவுன்னு மேனுவல்ல பாத்துக்கோங்க. ஐடிலிங்ல சரியா இருந்தா பத்தாது, லோடுலயும் இறங்காம நிக்கணும். இறங்கினா முதல்ல ஃபில்டர், டேங்க்குள்ள இருக்கற ஸ்ட்ரெய்னர். அதுக்கும் அப்புறம் பம்ப் கனெக்டர்லயே வோல்ட் அளந்து பாருங்க, பேட்டரில 14 இருந்து பம்ப்ல 11 தான் வந்தா கெட்டது ஒயரோ எர்த்தோ, புது பம்ப் மாட்டினாலும் அதே கதை தான்.

மாஃப் இருக்கற வண்டின்னா அதுக்கான கிளீனர் மட்டும் அடிச்சு காய விடுங்க, விரலோ துணியோ பட்டா அந்த மெல்லிசு கம்பி அத்து போயிடும்.

8. ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ் அடிச்சா

தனித்தனி காயில் இருக்கற வண்டின்னா வேலை சுலபம். மூணாம் நம்பர் காயிலை ஒண்ணாம் நம்பர்ல மாத்திப் போட்டு கோடை அழிச்சு ஓட்டுங்க. பி0303 போய் பி0301 வந்தா காயில் தான். பி0303 தான் திரும்பவும் நின்னா ப்ளக்கை மாத்திப் போடுங்க, அப்புறம் இன்ஜெக்டரை. ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும். காயிலும் ப்ளக்கும் சேர்த்து மாத்தினா எது கெட்டதுன்னு கடைசி வரை தெரியாது.

பழைய வண்டில ஒரே காயில் பேக், அதுல இருந்து ப்ளக்குக்கு போற ஹெச்டி ஒயர் இருக்கும். அதுல ஒண்ணும் நாலும் ஒரு ஜோடி, ரெண்டும் மூணும் ஒரு ஜோடியா அடிக்கும். ஜோடியா ரெண்டுமே மிஸ் ஆனா காயில், ஜோடில ஒண்ணு மட்டும்னா ஒயர் இல்ல ப்ளக். ராத்திரி லைட்டை எல்லாம் ஆஃப் பண்ணிட்டு பானட்டைத் திறந்து இன்ஜினை ஓட விட்டு பாருங்க, ஒயர் கசிஞ்சா நீலமா பொறி ஓடறது கண்ணுக்கே தெரியும். சாரல் அடிக்கற நாள்ல மட்டும் வர்ற மிஸ்ஸிங் பெரும்பாலும் இது தான்.

ப்ளக் கழட்டும்போது குழிக்குள்ள டார்ச் அடிங்க. வால்வ் கவர் சீல் போய் ஆயில் தேங்கி நின்னா ப்ளக் பூட் ஊறி பொறி வெளிய ஓடும், சீலை மாத்தாம புது காயில் போட்டா அதுவும் கொஞ்ச நாள்ல போயிடும். ப்ளக் பீங்கான் வெள்ளை வெளேர்னு இருந்தா அந்த சிலிண்டர் நெஜமாவே லீன், கருப்பா ஈரமா இருந்தா பெட்ரோல் வருது, எரியல.

எந்த சிலிண்டர்னு கண்டுபிடிக்க ஓடற இன்ஜின்ல ப்ளக் ஒயரைப் பிடுங்கறது பழைய பழக்கம், அதை விட்டுடுங்க. காயில் போகும், ஷாக் அடிக்கும், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்கு போகும். இன்ஜெக்டர் கனெக்டரை ஒவ்வொண்ணா கழட்டுங்க, எதைக் கழட்டினா இன்ஜின் ஆட்டத்துல வித்தியாசமே இல்லையோ அது தான் செத்த சிலிண்டர்.

9. எல்பிஜி போட்ட வண்டிக்கு தனியா

நம்ம பக்கமும் புனலூர் பக்கமும் கேஸ் கிட் மாட்டின பழைய வண்டிங்க நெறைய. முதல் கேள்வியே கோடு பெட்ரோல்ல ஓடும்போது விழுதா, கேஸ்லயாங்கறது தான். கேஸ்ல மட்டும்னா ரெட்யூசர் (கேஸ் பிரஷரை இறக்கற பாகம்), கேஸ் ஃபில்டர், கிட் ட்யூனிங். கேஸுக்கு பொறியும் பலமா வேணும், அதனால தேஞ்ச ப்ளக் பெட்ரோல்ல சமாளிச்சுடும், கேஸ்ல மாட்டிக்கும்.

ரெண்டுலயும் வந்தா டாப்பெட் கேப்பை (வால்வுக்கும் அதை அழுத்தற பாகத்துக்கும் நடுவுல விடற இடைவெளி) அளந்து பாருங்க. கேஸ்ல வருஷக்கணக்கா ஓடின வண்டில வால்வ் சீட் தேஞ்சு வால்வ் மேல ஏறிடும், கேப் சுருங்கி வால்வ் முழுசா மூடாது. அடையாளம் என்னன்னா டாப்பெட் சத்தம் குறைஞ்சு இன்ஜின் அமைதியா இருக்கும், ஐடிலிங்ல மட்டும் மிஸ் அடிக்கும். சத்தம் இல்லையேன்னு யாரும் அங்க போக மாட்டாங்க.

கம்ப்ரஷன் பாக்கும்போது நாலு ப்ளக்கும் கழட்டி, இக்னிஷனும் இன்ஜெக்டரும் கனெக்ஷன் எடுத்து, ஆக்சிலேட்டரை முழுசா அழுத்திட்டு செல்ஃப் அடிங்க. நம்பர் எவ்வளவுங்கறதை விட நாலும் ஒத்துப் போகுதாங்கறது முக்கியம், ஒண்ணு மத்ததை விட பதினஞ்சு சதவீதத்துக்கு மேல கம்மின்னா கோளாறு. அந்த சிலிண்டர்ல ஒரு ஸ்பூன் ஆயில் ஊத்தி திரும்ப அளங்க, ஏறினா ரிங், ஏறலன்னா வால்வ். டாப்பெட் செட் பண்ணியே சரியாகறதும் உண்டு, அதனால ஹெட் இறக்க சொன்னாங்கன்னா கேப் எவ்வளவு இருந்துச்சுன்னு கேட்டுட்டு சம்மதிங்க.

10. ஆக்ஸிஜன் சென்சார் கடைசியில தான்

லீன் கோடு வந்ததும் முதல்ல மாத்தறது இதைத் தான், விலையும் கூட, அதனால தான் இதைப் பாத்தா எனக்கு மனசு கஷ்டமா இருக்கு. சாதாரண நாலு ஒயர் சென்சார் ஓடும்போது 0.1க்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவுல ஏறி இறங்கிட்டே இருக்கணும். சூடான இன்ஜின்ல ஆக்சிலேட்டரை ஒரு தடவை சடக்குன்னு மிதிச்சு விடுங்க. மிதிச்சப்போ 0.8க்கு மேல போய், விட்டப்போ 0.1 கிட்ட இறங்கினா சென்சார் உயிரோட இருக்கு, அது லீன்னு சொன்னா நம்புங்க. என்ன பண்ணாலும் கீழயே ஒட்டிக் கெடந்தா ஒயர் எங்கயாவது சைலன்சர்ல உரசி உருகிருக்கான்னு பாத்துட்டு அப்புறம் மாத்துங்க.

11. சரியாச்சான்னு உறுதி பண்றது

கோடை இப்போ அழிங்க, லாங் டெர்ம் ட்ரிம்மும் பூஜ்யத்துக்கு வந்துடும். அதனால உடனே பாத்துட்டு வண்டியைக் கொடுக்காதீங்க, அது இன்னும் கத்துக்கல. நல்லா சூடாக்கி கொஞ்சம் ஐடிலிங், கொஞ்சம் நேர் ரோடு, அப்புறம் கோட்டவாசல் ஏறி தென்மலை வரை போய் திரும்பினா எல்லா லோடும் கெடைச்சிடும். திரும்பி வந்து அதே மூணு எடத்துல ட்ரிம் எழுதி பழைய தாளோட வச்சுப் பாருங்க, பெண்டிங் கோடும் பாருங்க. பி0171 வழக்கமா அடுத்தடுத்து ரெண்டு ஓட்டத்துல மாட்டினா தான் லைட்டை எரிய வைக்கும், அதனால லைட் எரியலங்கறது மட்டும் பத்தாது, மறுநாள் குளிர் ஸ்டார்ட் ஒண்ணும் அடிச்சுப் பாத்துட்டு சாவியைக் கொடுங்க.